பெடல் இறங்கினால் பேட் மாற்றுவது மட்டும் மருந்தல்ல

நம்மில் பலருக்குக் கெப் வாகனம் ஓடும் கடை மாதிரி. கடைக் கணக்கை நாள்தோறும் பார்க்கிறோம். பிரேக்கை மட்டும் அது கைவிடும் நாள் வரை நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அக்குறணையிலிருந்து மிளகும் கராம்பும் ஏற்றிக்கொண்டு கொழும்பு, பழைய சோனகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கடுகண்ணாவை இறக்கத்தில் பெடல் வழமையை விடக் கீழே இறங்கியது. சாரதித் தம்பி மறுபடி மிதித்தார், இன்னும் இறங்கியது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஒருவாறு ஓரத்தில் நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இத்தனைக்கும் முந்திய வாரம்தான் ஒரு கராஜில் முன் பேட்களை மாற்றிக் காசும் கொடுத்திருந்தேன்.

மாவனல்லையிலிருந்து வரவழைத்த வயதான பாஸ் ஒருவர், இடது பின் சில்லின் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். வீல் சிலிண்டரின் ரப்பர் சீல் பழுதாகி, ஒயில் கசிந்து, பிரேக் சூ முழுவதும் நனைந்திருந்தது. "காய்ச்சலுக்குச் சட்டைய மாத்தினா சுகமாகுமா மொதலாளி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பெரும்பாலான கெப்களில் முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். நாம் மிதிக்கும் விசையை ஒயில்தான் நான்கு சில்லுகளுக்கும் கொண்டு செல்கிறது. ஒயில் செல்லும் வழி இரண்டாகப் பிரிந்திருப்பதால், ஒன்று கசிந்தாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். அன்று எங்களைக் காத்தது அந்த மிச்சப் பிடிதான்.

எனவே, எதையும் மாற்றுமுன் பெடல் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

* மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனால், ஒயில் கசிகிறது. சில்லுகளிலோ குழாய்களிலோ ஈரம் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீலைச் சந்தேகிக்க வேண்டும்.
* பஞ்சுபோல மெத்தென்று இருந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது.
* கல்லுப்போல இறுகினால், பூஸ்டரையும் அதன் வெக்கூம் குழாயையும் பார்க்க வேண்டும்.
* வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், கலிப்பர் இறுகியிருக்கலாம். அல்லது ஒரு பக்கத்து பேட்டில் ஒயில் பட்டிருக்கலாம்.
* பெடல் அதிர்ந்தால், டிஸ்க் சமமின்றித் தேய்ந்திருக்கலாம்.
* இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால், பேட் முடிந்துவிட்டது.

பேட் தேயத் தேய ஒயில் மட்டம் மெல்லக் குறைவது இயல்பு. திடீரெனக் குறைந்தால் அது கசிவு. ஊற்றி நிரப்பிவிட்டு ஓடுவது நோயை மறைப்பதாகும்.

மாற்றும்போதும் சில விடயங்களில் சிக்கனம் கூடாது. பேட்டோ சூவோ, இரு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாகனம் இழுக்கும். ஒயிலில் நனைந்த சூவைப் பெற்றோலில் கழுவிப் பூட்ட விடாதீர்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பும் டிரம்மின் உச்ச விட்டமும் பொதுவாக அவற்றிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒயில் டாங்கியின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு வந்தால், குமிழி உண்டாகிப் பெடல் இறங்கும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுவதும் மாற்றுவது நல்லது. என்ஜின் ஒயிலை ஒருபோதும் ஊற்றக்கூடாது; ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தையும் செசி இலக்கத்தையும் கொண்டு போங்கள். கராஜில் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நமது காசுக்கு என்ன வேலை நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொன் ஏற்றும் கெப்பில் அன்று ஒன்றரைத் தொன் ஏற்றியிருந்தேன். இரண்டாவது பயணத்தின் செலவை மிச்சம் பிடிப்பதே நோக்கம். அந்த மிச்சத்துக்கு ஈடாக நான் வைத்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு தம்பியின் உயிரை. நம்மிடம் வேலை செய்பவரின் உயிர் நம்மிடமுள்ள அமானிதம். லாப நட்டக் கணக்கில் அதற்குத் தனி வரி கிடையாது. அதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.