செக் இன்ஜின் விளக்கு எரியுதா? ‘எம்.பி.எஃப்.ஐ’, ‘பி 0171’... இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

கம்பத்திலிருந்து குமுளிக்கோ, போடியிலிருந்து போடிமெட்டுக்கோ ஏறும்போது மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் படம் எரிந்தால் யாருக்கும் பதற்றம்தான் வரும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால் ‘பி 0171’ என்று ஒரு கோடு காட்டும். "சென்சார் போச்சு, மாத்தணும்" என்ற பதிலும் கூடவே வரும். அந்தக் கோடு நிஜமாவே அதைத்தான் சொல்கிறதா?

மலையில் என்ன நடக்கிறது?

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே செட் பண்ணின அளவிலேயே பெட்ரோல் விடும். அதனால்தான் பழைய கார்கள் மேட்டில் கரும்புகை கக்கி, இழுக்க முடியாமல் திணறின.

எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனில், அதாவது இ.எஃப்.ஐ-யில், காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்கள் அளந்து சொல்கின்றன. இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்பதை இ.சி.யு என்ற குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்த பாஷ் நிறுவனத்தின் ‘டி-ஜெட்ரானிக்’ இந்த வகையில் முன்னோடி. அந்த ‘டி’, அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து.

ஒரே விஷயம், ஊருக்கொரு பேர்

டொயோட்டா இதை ‘இ.எஃப்.ஐ’ என்கிறது. ஹோண்டாவுக்கு ‘பி.ஜி.எம்-எஃப்.ஐ’. மாருதி கார்களின் பின்பக்கம் பார்த்த ‘எம்.பி.எஃப்.ஐ’ என்றால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் என்று அர்த்தம். ஓசூர் டி.வி.எஸ் நிறுவனம் அப்பாச்சியில் ‘ஆர்.டி.எஃப்.ஐ’ என்கிறது, தோட்டத்துக்குப் போகிற எக்ஸ்எல் 100-ல் ‘இ.டி.எஃப்.ஐ’. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ‘ஜி.டி.ஐ’ மட்டும் நிஜமாவே வேறு: அதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படும்.

டீசலில் ஹூண்டாயின் ‘சி.ஆர்.டி.ஐ’, மாருதியின் ‘டி.டி.ஐ.எஸ்’, டாடாவின் ‘டைகோர்’, மஹிந்திராவின் ‘சி.ஆர்.டி.இ’ எல்லாமே காமன் ரயில் முறை. ஆனால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய ஜீப்பில் ‘டி.ஐ’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது மெக்கானிக்கல் பம்பு. கம்ப்யூட்டரே கிடையாது, ஸ்கேனர் மாட்டவும் வழியில்லை.

கோடை எப்படிப் படிப்பது?

முதல் எழுத்து ‘பி’ என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தந்த கம்பெனி தானே வைத்துக்கொண்டது. ஒரே எண் ஒரு காரில் ஒன்றும் வேறு காரில் வேறொன்றுமாக இருக்கலாம். எனவே ‘பி 1’ என்று தொடங்கினால் கார் பெயரையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

பி 0300 என்றால் மிஸ்ஸிங். 0301 என்றால் முதல் சிலிண்டரில், 0302 என்றால் இரண்டாவதில். டீசல் வண்டியில் வரும் பி 0087, ரயிலில் அழுத்தம் குறைவு என்கிறது. முதலில் டீசல் ஃபில்டரைப் பார்ப்பது நல்லது.

இப்போது பி 0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் இதன் பொருள். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் தகவல் சொன்னதே அதுதான்! விரிசல் விட்ட வேக்வம் ஹோஸ், அடைத்த இன்ஜெக்டர், பலவீனமான பெட்ரோல் பம்பு என எதுவும் காரணமாக இருக்கலாம். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக ஆயிரக்கணக்கில் சென்சார் மாற்றும் கதை இங்கேதான் தொடங்குகிறது. கோடை அழிக்கும் முன் ஸ்கேனர் திரையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால், பழுது வந்த நேரத்து வேகம், சூடு போன்ற பதிவும் சேர்ந்தே போய்விடும்.

எரிகிறதா, மின்னுகிறதா?

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும். ஆக்சிலரேட்டரைக் குறைத்து, வளைவு இல்லாத இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இ.எஃப்.ஐ காரில் அது தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், பெட்ரோல் செலவே இல்லை. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும்; இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. இன்ஜினையே ஆஃப் பண்ணினால், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும்.