மண் கூறும் மறுமொழி

வென்றவர் எழுதிய சரித்திரத்தையே உலகம் பெரிதும் கற்கின்றது. தோற்றவர் உள்ளத்தை அறிதற்கு வழி யாது? பண்டைக் கெல்தியர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தாரல்லர். அவரைக் குறித்து நாம் கற்பன பெரும்பாலும் சீசர், டாசிட்டஸ் முதலிய உரோமர் உரைத்தனவே. பிரித்தானியர் நீராடு மண்டபங்களையும் விருந்துகளையும் நாகரிகமென்று மயங்கி ஏற்றனரென்றும், அவை அடிமைத்தனத்தின் கூறுகளே என்றும் டாசிட்டஸ் எழுதினார். இக்கூற்று முற்றும் மெய்யாமோ? புதைபொருளாராய்ச்சியை வினவுவோம்.

கி. பி. 43-இல் கிளாடியஸ் பேரரசனின் படை பிரித்தானியாவிற் புகுந்தது. இருபதாண்டு நிரம்புமுன் ஐசீனியர் அரசி பூடிக்கா கிளர்ந்தெழுந்து, கொல்செஸ்டர், இலண்டன் முதலிய நகரங்களை எரியூட்டினாள். அவ்விரு நகரங்களிலும் நிலத்தை அகழ்வார் தீயாற் கரிந்து சிவந்த மண்ணடுக்கை இன்றும் காண்கின்றனர். எதிர்ப்பிற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

எனினும், எதிர்த்தவர், பணிந்தவர் என்னும் இருவகையினரே இருந்தனரெனல் பொருந்தாது. பாத் நகரத்து வெந்நீரூற்றில் கெல்தியர் சூலிஸ் என்னும் தேவியை வழிபட்டனர். உரோமர் ஆட்சியில் அவள் மினர்வாவோடு இணைக்கப்பெற்றுச் சூலிஸ் மினர்வா ஆயினாள். கற்கோயில் உரோமர் முறையது; பெயரில் முன்னிற்பவளோ பழைய தேவியே. அவ்வூற்றிலிருந்து ஏறக்குறைய 130 ஈயத் தகடுகள் எடுக்கப்பட்டுள்ளன. ஆடையும் காசும் களவு கொடுத்தோர், கள்வனைத் தண்டிக்குமாறு தேவியை வேண்டி எறிந்தவை அவை. பெரும்பாலும் மொழி இலத்தீன். ஆயினும் அவற்றிற் காணும் பெயர்களுட் பல கெல்தியப் பெயர்கள். வென்றவர் எழுத்தைக் கற்றவர் அதனைத் தம் ஊர்த் தேவியிடம் முறையிடுதற்குக் கருவியாக்கிக் கொண்டனர்.

கடல் கடந்த கால் நாட்டிலும் இந்நிலையே. 1711-இல் பாரிஸ் பேராலயத்தின் கீழே படகோட்டிகள் நிறுவிய தூணொன்றின் பகுதிகள் வெளிப்பட்டன. திபேரியஸ் காலத்ததாகிய அத்தூணில் ஜூப்பிட்டரும் உளர். கொம்புடைய கெர்நுன்னோஸும் உளர். 1897-இல் கொலிஞி என்னும் ஊரிற் கிடைத்த வெண்கலப் பஞ்சாங்கமோ இன்னும் வியப்புடையது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினதென ஆராய்வோர் கருதும் அதன் எழுத்து இலத்தீன்; மொழி காலியம்; மாதப் பெயர்களும் கெல்தியருடையனவே.

பின்னாளிற் காலிய மொழி வழக்கொழிந்தது உண்மையே. ஆயினும் அது ஒரு நாளிற் கைவிடப்பட்டதன்று. டாசிட்டஸ் அடிமைத்தனத்தைக் கண்டார், அதுவும் பொய்யன்று. அவர் காணாதது, அந்நிய உடைக்குள்ளும் தம்மை மறவாதிருந்த மக்களின் உறுதி. தோற்றவரைக் குறித்துத் தீர்ப்புரைக்குமுன், வென்றவர் ஏட்டோடு மண்ணின் சாட்சியையும் கேட்டல் நம் கடனன்றோ?