கார் தானே ஓடி மோதினால் யார் பொறுப்பு?

நம் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்கிறோம். சேவ் செய்யாத பைல் போய்விடும், அவ்வளவுதான். அதே கம்ப்யூட்டர் ஒரு காரை ஓட்டும்போது தவறு செய்தால்? "யாரைப் பிடிப்பார்கள்? காரில் உட்கார்ந்திருந்தவரையா, புரோகிராம் எழுதியவரையா?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். உண்மையில் நடந்த ஒரு விபத்தைக் கொண்டே இதற்குப் பதில் சொல்கிறேன்.

டெம்பி நகரில் நடந்தது

2018 மார்ச் 18 இரவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், உபெர் நிறுவனம் சோதித்து வந்த தானியங்கி வால்வோ கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது மோதியது. அவர் இறந்து போனார். ஸ்டியரிங் முன்னால், காரைக் கண்காணிக்க ஊழியர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், காரில் பதிவாகியிருந்த தகவல்களை ஆராய்ந்து 2019 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டது. மோதலுக்கு 5.6 வினாடிகள் முன்பே ராடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் புரோகிராம் அவரை வாகனம், வேறு பொருள், சைக்கிள் என மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறிய ஒவ்வொரு முறையும் பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. எனவே அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது அதற்குப் பிடிபடவே இல்லை.

மோதல் உறுதி எனத் தெரிந்தபோது மிச்சம் இருந்தது 1.2 வினாடி. தேவையில்லாமல் சடன் பிரேக் போடக் கூடாது என்பதற்காக, 1 வினாடி பொறுத்திருக்கும்படி புரோகிராம் அமைக்கப்பட்டிருந்தது. வால்வோ காரில் ஏற்கனவே இருந்த அவசர பிரேக் வசதியும், கம்ப்யூட்டர் ஓட்டும்போது இயங்காதபடி நிறுத்தப்பட்டிருந்தது. ஊழியரின் கவனமோ மொபைல் போனில் இருந்தது.

தண்டனை யாருக்கு?

ஊழியரின் கவனக்குறைவு, நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இருந்த குறைகள், மாநில அரசின் போதாத மேற்பார்வை, உரிய இடத்தில் சாலையைக் கடக்காதது என எல்லாவற்றையும் வாரியம் குறிப்பிட்டது. ஆனால் தண்டனை தருவது வாரியத்தின் வேலை அல்ல. நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் கூறிவிட்டார். வழக்கு ஊழியர் மீது மட்டுமே வந்தது. 2023 ஜூலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3 ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் எனத் தீர்ப்பானது.

தவறு பல கைகளில் இருந்தது, தண்டனை ஒருவருக்குத்தான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கும் மனிதரின் கவனம் சிதறும் என்பது தெரிந்த விஷயம்தானே?

லெவல் பாருங்கள்

தானியங்கி வசதிகளை 0 முதல் 5 வரை லெவல்களாகப் பிரித்துள்ளனர். லெவல் 2 வரை ஓட்டுநர் நீங்கள்தான். கம்ப்யூட்டர் உதவியாளர் மட்டுமே. லெவல் 3ல் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கார் தானே ஓடும். அது அழைத்தால் நீங்கள் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். லெவல் 4ல், குறிப்பிட்ட எல்லைக்குள் மனிதர் தேவையில்லை.

பிரிட்டன் 2024ல் கொண்டு வந்த சட்டம், அனுமதி பெற்ற கார் தானே ஓடும்போது அதன் ஓட்டத்திற்கு உள்ளே இருப்பவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

எனவே ஷோரூமில் "கார் தானே ஓட்டும் சார்" என்று சொன்னால், "எந்த லெவல்?" என்று கேளுங்கள். 2 என்று பதில் வந்தால் கண் சாலையில் இருக்கட்டும். மோதினால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.