ஒருவன் முழங்காலை நம்பி ஓர் அணியா? சடுகுடு சொல்லும் பாடம்

பொங்கல் வந்தால் ஓமலூர் பக்கத்துக் கிராமங்களில் சடுகுடு களைகட்டும். ஊருக்கு ஒரு "புலி" இருப்பான். அவன்தான் பாடிப் போவான். எதிராளி வந்தால் அவன்தான் முதலில் பாய்ந்து பிடிப்பான். அடுத்த ஆட்டத்துக்கும் அவனே!

அவன் முழங்கால் என்ன இரும்பா?

இந்தக் கேள்வி 2022-ம் ஆண்டில் ஒரு பெரிய அணிக்கே வந்தது.

ரூ.2 கோடியே 26 லட்சம்!

அந்த அணியின் பெயர் "தமிழ் தலைவாஸ்". புரோ கபடிப் போட்டியில் ஆடும் அணி. அந்த ஆண்டு ஏலத்தில் பவன் செராவத் என்ற வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை அந்தப் போட்டியில் யாருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை.

அக்டோபர் 8-ந் தேதி பெங்களூரில் முதல் ஆட்டம். எதிரணி குஜராத். ஆட்டத்தின் நடுவே பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தப் போட்டித் தொடர் முழுவதும் அவரால் பிறகு ஆட முடியவில்லை.

அவர் எப்போது அடிபட்டார் தெரியுமா? பாடிப் போனபோது அல்ல. பாடி வந்த எதிராளியைப் பிடிக்கப் போனபோது!

அமெரிக்காவிலும் இதே கவலை

அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து வேறு மாதிரி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆட்டத்தை நடத்துகிறவர் "குவார்ட்டர்பேக்".

அதில் "ஆப்ஷன்" என்று ஒரு முறை உண்டு. பந்தைத் தானே கொண்டு ஓடுவதா, கூட வருகிறவரிடம் கொடுப்பதா என்று ஓடும்போதே அவர் முடிவு செய்யவேண்டும். எதிராளிகள் அவர்மீது வந்து மோதுவார்கள். அவர்களைக் குறுக்கே நின்று மறிப்பது கூட்டாளிகளின் வேலை. மறிப்பு தளர்ந்தால் எவ்வளவு பலசாலிக்கும் உடம்பு தாங்காது.

சடுகுடுவில் காவல் எது?

சடுகுடுவில் பாடிப் போகிறவருக்கு முன்னால் மறிக்க ஆள் கிடையாது. ஏழு பேர் நிற்கும் களத்துக்குள் தனியாகத்தான் போகவேண்டும். 30 விநாடிக்குள் தொட்டுத் திரும்பவேண்டும்.

ஆனாலும் அவருக்குக் காவல் உண்டு. அந்தக் காவல், பிடிகாரர்கள்தான்.

கை கோத்து நின்று அவர்கள் எதிராளியை மடக்கினால் ஒரு புள்ளி கிடைக்கும். அதோடு, ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருக்கும் தங்கள் ஆள் ஒருவரும் உள்ளே வருவார். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது மடக்கினால், புரோ கபடியில் 2 புள்ளி!

பிடி பலமாக இருந்தால், பாடிப் போகிறவர் ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்துப் பாய வேண்டியதில்லை. பொறுமையாக ஆடலாம்.

கைகொடுத்த இளைஞர்

பவன் போனதும் தமிழ் தலைவாஸ் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை!

நரேந்தர் என்ற இளைஞர் பாடும் பொறுப்பை ஏற்றார். அவருக்கு அதுதான் முதல் ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் பாடிப் போய் 243 புள்ளிகள் குவித்தார். அஜிங்கிய பவாரும் தோள் கொடுத்தார். சாகர், சாஹில் குலியா முதலியோர் பிடியில் உறுதியாக நின்றார்கள்.

அதுவரை ஒரு முறைகூட அரை இறுதியைப் பார்க்காத அணி, அந்த ஆண்டு அரை இறுதிக்குப் போனது! அங்கே புனே அணியிடம் 37-39 என்று தோற்றது. இரண்டே புள்ளி வித்தியாசம்!

ஊர் அணிகள் செய்யவேண்டியது

பாடிப் போக இரண்டு, மூன்று பேரைப் பழக்குங்கள். நன்றாகப் பாடுகிறவனையே பிடிக்கவும் முன்னால் தள்ளாதீர்கள். மண்ணைக் கொத்திப் பதமாக்கிக் கல், முள் பொறுக்குங்கள். ஆட்டத்துக்கு முன்பு உடம்பைச் சூடேற்றுங்கள்.

முழங்கால் வீங்கினால் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கக் கூடாது. ஜவ்வு கிழிந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டவேண்டும். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று ஊர் கேட்கும். வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்குத் துணிவு வேண்டும்.

பவன் காத்திருந்தார். காயம் ஆறியது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைவராக இறங்கினார். இறுதி ஆட்டத்தில் ஈரானை வென்று, தங்கப் பதக்கத்துடன் திரும்பினார்!