பழைய சொகுசுக் கார்களில் பின்விளக்கு மாற்றுதல்

பின்விளக்கு என்பது மோட்டார் வாகனத்தின் பின்புறத்தில் சிவப்பு ஒளி தரும் விளக்கு ஆகும். இருட்டிலும் மூடுபனியிலும் முன்னே ஒரு வாகனம் இருப்பதைப் பின்னால் வருபவருக்கு இது உணர்த்துகிறது. பெரும்பாலான கார்களில் பின்விளக்கு, பிரேக் விளக்கு, திருப்ப விளக்கு, ரிவர்ஸ் விளக்கு ஆகிய நான்கும் ஒரே கூட்டுக்குள் அமைந்துள்ளன. ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து பார்க்க முடியாத விளக்கு என்பதால், இது பழுதடைந்தாலும் பல நாள்கள் கவனிக்கப்படாமல் போவதுண்டு. மலைச்சாலைகளில் இதுவே விபத்துக்குக் காரணமாகலாம்.

போடி மலைச்சாலையும் பின்விளக்கும்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கும், கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய பகுதிகளிலுள்ள ஏலத் தோட்டங்களுக்குப் போடியிலிருந்து தோட்ட உரிமையாளர்களின் கார்களும் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகளும் நாள்தோறும் சென்று திரும்புகின்றன. இவை ஏறும் வழி, கொச்சியையும் மதுரையையும் மூணாறு, தேனி வழியாக இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 ஆகும். முந்தல் அடிவாரத்திலிருந்து மாநில எல்லையான போடிமெட்டு வரை இச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியிலிருந்து மெட்டு வரை சுமார் 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும்.

மழைக்காலத்தில் மெட்டை ஒட்டிய பகுதிகளில் மூடுபனி அடர்த்தியாக இறங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள்ளேயே வாகனம் ஏறக்குறைய 17 மீட்டர் முன்னேறிவிடும். பார்வை 20 மீட்டராகச் சுருங்கிய பனியில், முன்னே செல்லும் காரின் பின்விளக்கு எரியாவிட்டால் மோதலைத் தவிர்ப்பது கடினம். இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சின் பிடிப்பால் வேகம் குறையும்போது பிரேக் விளக்கு எரியாது என்பதால், அந்நேரத்தில் பின்விளக்கு ஒன்றே பின்னால் வருபவருக்கு அடையாளமாகிறது.

சட்டத் தேவை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 105ஆம் விதி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்பும், போதிய வெளிச்சம் இல்லாத எந்நேரத்திலும் வாகன விளக்குகள் எரிய வேண்டும் என்கிறது. பின்புறச் சிவப்பு ஒளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பின்புறப் பதிவெண் பலகைக்கு வெள்ளை ஒளி வேண்டும். சிவப்புப் பிரதிபலிப்பான்களும் கட்டாயம். பல கார்களில் பிரதிபலிப்பான் விளக்கின் கண்ணாடியிலேயே அமைந்திருப்பதால், மாற்றாக வாங்கும் கூட்டில் அது உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அமைப்பு

1980களிலும் 1990களிலும் வந்த ஐரோப்பியச் சொகுசுக் கார்களில் இழை பல்புகளே பயன்பட்டன. பின்விளக்கு 5 வாட், பிரேக் விளக்கு 21 வாட் என்பது வழக்கமான அளவு. சில கார்களில் இரண்டும் தனித்தனி பல்புகள். சிலவற்றில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். இரட்டை இழை பல்பின் அடிப்பகுதியிலுள்ள இரு ஊசிகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். பல்பைத் தலைகீழாகப் பொருத்தி, பின்விளக்கு 21 வாட்டிலும் பிரேக் விளக்கு 5 வாட்டிலும் எரியாமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது.

1995 முதல் புனேயில் பூட்டப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ124 வகைக் கார்கள் இத்தலைமுறையைச் சேர்ந்தவை. இவற்றின் பின்விளக்குக் கண்ணாடியில் கிடைமட்ட வரிப்பள்ளங்கள் காணப்படும். 1971இல் வெளிவந்த எஸ்எல் வகைக் காரில் அறிமுகமான இவ்வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததன்று. சேறும் தூசியும் மேடுகளில் படிந்தாலும் பள்ளங்களின் உட்பகுதி ஓரளவு சுத்தமாக இருந்து ஒளியை வெளிவிடும். மழையில் சேறாகும் தோட்டப் பாதைகளில் இதன் பயன் நன்கு புலப்படும்.

பழுதின் காரணங்கள்

விளக்கு எரியாததற்குப் பல்பு மட்டுமே காரணம் அன்று. பழைய கார்களில் பொதுவாகக் காணப்படும் காரணங்கள் நான்கு.

இழை அறுதல்: பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். கண்ணாடி உட்புறம் கறுத்திருப்பதும் ஆயுள் முடிந்ததற்கான அறிகுறி.

ஃபியூஸ்: பல ஐரோப்பியக் கார்களில் இடப்பக்க விளக்குகளுக்கும் வலப்பக்க விளக்குகளுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு. ஒரே பக்கத்தில் முன் பார்க் லைட்டும் பின்விளக்கும் சேர்ந்து அணைந்தால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். இக்காலக் கார்களின் தட்டை ஃபியூஸ் போலன்றி, இரு முனையும் கூம்பான பழைய வகை ஃபியூஸ்கள் அறுந்து போகாமலேயே முனைகளில் களிம்பேறித் தொடர்பை இழப்பதுண்டு.

எர்த் இணைப்பு: விளக்கின் மின்சுற்று காரின் உடற்பகுதி வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்த எர்த் இணைப்பு துருவேறினால் மின்சாரம் வேறு வழி தேடும். பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு மங்குவதும், திருப்ப விளக்கு போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து மினுக்குவதும் இதன் அடையாளங்கள். இந்நிலையில் புதிய பல்பு போட்டாலும் பயன் இராது.

ஈரம்: வெயிலில் நின்று சூடான கார் மலையேறிக் குளிரும்போது விளக்குக் கூட்டுக்குள் இருக்கும் காற்று சுருங்குகிறது. ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்திருந்தால், ஈரக்காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்பட்டு நீர்த்துளிகளாகப் படியும். நாளடைவில் ஹோல்டரின் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைப் பெரிதும் சார்ந்தது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். ஆகவே “எரிகிறது” என்பது மட்டும் போதாது. இரு பக்கமும் ஒரே பிரகாசத்தில் எரிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மாற்றும் முறை

1. சமதளத்தில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, விளக்குகளை எரியவிட்டு எந்தப் பல்பு எரியவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிரேக் விளக்கைப் பார்க்க இன்னொருவர் உதவி தேவை. தனியாக இருந்தால் சுவரை நோக்கிப் பின்புறத்தை நிறுத்தி, சுவரில் விழும் ஒளியைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

2. விளக்கு எரியும் நிலையில், பல்பின் பித்தளை உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

3. விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். பழைய சொகுசுக் கார்களின் ரேடியோ, பேட்டரி கழற்றப்பட்டால் இரகசிய எண் கேட்கும் வகையாக இருக்கலாம். அந்த எண் கைவசம் உள்ளதா என்று முன்பே உறுதி செய்வது நல்லது.

4. டிக்கியின் உட்புற விரிப்பை விலக்கினால் பல்பு பலகை தெரியும். பல்பு மட்டும் மாற்றுவதாக இருந்தால் பலகையைக் கழற்றினால் போதும். கூட்டையே மாற்றுவதாக இருந்தால் இணைப்பியை விடுவித்து, நட்டுகளைக் கழற்றி, கூட்டை வெளிப்புறமாக எடுக்க வேண்டும். பல ஆண்டுகள் வெயில் பட்ட பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால் திருப்புளியால் நெம்புதல் கூடாது.

5. களிம்பேறிய தகடுகளை நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துடைக்க வேண்டும். எர்த் திருகையும் அதன் அடியில் உள்ள தகரத்தையும் பளிச்சென்று வரும்வரை சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

6. பழைய கேஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் பொருத்த வேண்டும். நட்டுகளைக் குறுக்கு முறையில், சிறிது சிறிதாக, சமமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் அழுத்தினால் கண்ணாடியில் விரிசல் விழும்.

7. பேட்டரியை இணைத்து எல்லா விளக்குகளையும் சோதித்தபின், தண்ணீர் ஊற்றி டிக்கிக்குள் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பல்புத் தேர்வு

குறிப்பிட்ட வாட் அளவுள்ள பல்பையே போட வேண்டும். 5 வாட் இடத்தில் 21 வாட் பல்பைத் திணித்தால் அதன் வெப்பம் பிளாஸ்டிக் கூட்டை உருக்கும். பின்னால் வருபவர் பிரேக் விளக்கையும் பின்விளக்கையும் பிரித்தறியவும் முடியாது. பல்பு பழுதை ஓட்டுநருக்கு எச்சரிக்கும் வசதி கொண்ட கார்களில் எல்.இ.டி. பல்பு போட்டால், அது எடுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் எச்சரிக்கை விளக்கு வீணாக எரியக்கூடும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. பொருத்தினால் ஒளியின் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும்.

உதிரி பாகங்கள்

உற்பத்தி நின்ற கார்களுக்குப் புதிய கூடு எளிதில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரி பாகச் சந்தைகளில் கழற்றிய கூடுகளை வாங்குவோர் உண்டு. அவ்வாறு வாங்கும்போது கண்ணாடியின் நிறம் வெளிறியிருக்கிறதா, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்திருக்கிறதா, நட்டு பொருந்தும் கம்பிகள் முழுமையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பூச்சு உரிந்த கூட்டில் புதிய பல்பும் மங்கலாகவே தெரியும்.

தடுப்பு

மழைக்காலத்துக்கு முன் கேஸ்கெட்டையும் எர்த் இணைப்பையும் ஒருமுறை பார்ப்பதும், மாற்றுப் பல்பும் ஃபியூஸும் காரில் வைத்திருப்பதும் பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கும். மலையேறுமுன் அடிவாரத்தில் இறங்கிப் பின்விளக்குகளைப் பார்த்து, கண்ணாடியைத் துணியால் துடைக்க ஒரு நிமிடமே ஆகும். வழியில் விளக்கு அணைந்துவிட்டால், பனி விலகும் வரை அகலமான இடத்தில் சாலையை விட்டு ஒதுங்கி நிற்பதே பாதுகாப்பானது. வளைவுகளில் வண்டியை நிறுத்துதல் கூடாது.