பளியரும் புலையரும்: இனம், சாதி, சட்டம்

பழனி மலையில், கொடைக்கானலைச் சுற்றியுள்ள பகுதிகளில் பளியரும் புலையரும் வாழ்கிறார்கள். அரசு ஏட்டில் பளியர் பழங்குடியினர். புலையர் பட்டியல் சாதியினர். இந்த வேறுபாடு உடம்பில் இருக்கிறதா, ஏட்டில் இருக்கிறதா என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

உடம்பில் இருக்கிறது என்றது காலனி ஆட்சி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அளவைக் கொண்டு சாதிகளை இனவாரியாக வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டனும் அதே வழியில் தலையையும் மூக்கையும் அளந்தார். 1948இல் வெளிவந்த நூலில் அண்ணல் அம்பேத்கர் அத்தகைய அளவுகளையே எடுத்து அந்தக் கோட்பாட்டை உடைத்தார். பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனத்தவர் என்பதற்கு அவை சான்றாகவில்லை. தீண்டாமையை ரத்தம் உண்டாக்கவில்லை, சமூகம் உண்டாக்கியது.

அப்படியானால் சட்டத்தில் இனம் எதற்கு? இனம் பொய்யானாலும் இனத்தின் பேரால் நடக்கும் ஒடுக்குமுறை பொய்யல்ல. அதனால்தான் அரசமைப்பின் 15ஆம் பிரிவு இனம், சாதி இரண்டையும் தனித்தனியே சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் யார் பட்டியல் சாதி, யார் பழங்குடி என்பதை 341, 342ஆம் பிரிவுகளின்கீழ் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். அந்தப் பட்டியலை நாடாளுமன்றம் மட்டுமே திருத்தலாம். பழங்குடியை அடையாளம் காண 1965இல் லோகூர் குழு சொன்ன ஐந்து அடையாளங்களில் ஒன்று, வெளியாருடன் பழகக் கூச்சப்படுவது. மூக்கை விட்டுக் கூச்சத்தை அளக்கத் தொடங்கினார்கள். அளப்பவர்கள் இப்போதும் வெளியார்தான்.

இதன் விளைவு நிலத்தில் தெரிகிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்த வனநிலம் தங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். பட்டியல் சாதிக் குடும்பமோ 'பிற மரபுவழி வனவாசிகள்' என்ற வகைக்குள் வருகிறது. அது கூடுதலாக மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததையும் மெய்ப்பிக்க வேண்டும். பட்டா என்பதையே அறியாத பாட்டன் எந்தக் காகிதத்தை விட்டுச் சென்றிருப்பான்?

காகிதம் மட்டுமே சான்று அல்ல என்று 2008 விதிகள் சொல்கின்றன. மூத்தோரின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கலாம்; கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் சான்றாகும். குறைந்தது இரண்டு சான்றுகளோடு மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும்.

பட்டியல் திருத்தத்துக்கான போராட்டம் நீளும். அதுவரை, தோழர்களே, மலையேறுவோம். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வாங்குவோம்.