வைஃபை எட்டாத டேப்லெட்: கோளாறு எந்த ஸ்டேஷனில்?

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கி மகேஸ்வரி உத்யானைச் சுற்றிக்கொண்டு நடந்தால், பழைய மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றில் ஒன்றின் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஒரு மாமிக்கு நவம்பர் மாதம் பிறந்தாலே கவலை. கணவர் ரயில்வேயில் பணியாற்றியவர். அவர் காலமான பின் மாமிக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்பதற்கான சான்றை ஆண்டுதோறும் நவம்பரில் கொடுத்தாக வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். கொடுக்கத் தவறினால் பென்ஷன் நின்றுவிடும். பிறகு சான்று கொடுத்ததும் பாக்கியோடு வந்து சேரும் என்பது உண்மைதான். ஆனால் மருந்துக் கடைக்காரரும் பால்காரரும் அதுவரை காத்திருப்பார்களா?

முன்பெல்லாம் இதற்காக பாங்கில் வரிசையில் நிற்க வேண்டும். 2014 நவம்பரில் மத்திய அரசு 'ஜீவன் பிரமாண்' என்ற டிஜிட்டல் சான்று முறையைக் கொண்டு வந்தது. முதலில் கைரேகை, கருவிழி ஆகியவற்றைக் கொண்டு நடந்த இந்த வேலைக்கு, 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆயிற்று. 5 மெகாபிக்சல் முன் காமிரா உள்ள ஆண்ட்ராய்டு போனோ டேப்லெட்டோ இருந்து, இன்டர்நெட்டும் இருந்தால், முழங்கால் வலியோடு படியிறங்க வேண்டியதில்லை.

மாமியிடம் டேப்லெட் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் கொடுத்தது. வைஃபையும் இருந்தது. இரண்டும்தான் ஒன்றோடொன்று பேச மறுத்தன.

"மேல் மாடிப் பிள்ளை, எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சா சரியாயிடும்கறான். அதுல மாமாவோட போட்டோ எல்லாம் இருக்கேப்பா! நீ ரயில்வேகாரன்தானே, ஒரு தடவை பாத்துட்டுப் போயேன்" என்றார் மாமி.

ரயில்வேகாரனுக்கு வைஃபை தெரியும் என்று மாமி எப்படி முடிவு செய்தாரோ தெரியாது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பார்சல் ஒன்று வந்து சேரவில்லை என்றால், முதலில் அது எந்த ஸ்டேஷன் வரை வந்திருக்கிறது என்று பதிவேட்டைப் பார்ப்போம். வைஃபை விஷயத்திலும் அந்தப் பழக்கம்தான் கை கொடுத்தது.

அழிப்பது கடைசி வேலை

முதலில் மேல் மாடித் தம்பியைத் தடுத்தேன். டேப்லெட்டை முழுவதும் அழித்தால், வேறெங்கும் பிரதி எடுத்து வைக்காத படங்கள் போயே போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. கூகுள் கணக்கோடு இணைந்த டேப்லெட்டை முறைப்படி கணக்கை நீக்காமல் அழித்தால், மறுபடி தொடங்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய திரைப் பூட்டையோ கேட்கும். திருடர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. மாமியின் டேப்பில் இருந்ததோ மகனுடைய பழைய கணக்கு. அழித்திருந்தால் போட்டோவும் போயிருக்கும், டேப்பும் பூட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு நிமிடச் சோதனை

கோளாறு டேப்பிலா, வீட்டு வைஃபையிலா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மொபைல் போன் போதும். போனில் சிம் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். வேலை செய்தால் ரவுட்டரும் வெளி இணைப்பும் நலம். பிறகு போனில் 'ஹாட்ஸ்பாட்' போட்டு, அதில் டேப்பை இணைத்துப் பாருங்கள். வேலை செய்தால் டேப்பின் ரேடியோவும் நலம். இரண்டும் நலம், சேர்ந்தால்தான் தகராறு என்றால், சம்பந்தம் பேசியதில்தான் எங்கோ பிசகு.

மாமி வீட்டில் போன் வைஃபையில் நன்றாக ஓடியது. ஹாட்ஸ்பாட்டிலோ டேப் சேர்ந்தது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஆக, ரவுட்டர் நலம். டேப்பின் ரேடியோவும் செத்துவிடவில்லை. டேப்புக்குள் வேறு ஏதோ இருக்கிறது. இனி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்க்க வேண்டியதுதான்.

முதல் ஸ்டேஷன்: பெயர் தெரிகிறதா?

டேப்பின் வைஃபைப் பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் வருகிறதா? வராவிட்டால் பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. இப்போதைய ரவுட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. பழைய, விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே காதில் விழும். ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியும், நம் வீட்டுடையது தெரியாது.

2.4-க்குள்ளும் சேனல்கள் உண்டு. இந்தியாவில் 13 வரை உபயோகிக்கலாம். அமெரிக்காவில் 11 வரைதான் வழக்கம். ஆகவே அங்கிருந்து வந்த கருவிகள் சிலவற்றுக்கு 12, 13 தெரியாது. ரவுட்டரை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தூரமும் சுவரும் அடுத்த காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 சற்று மெதுவானாலும் கூடுதல் தூரம் போகும். நம் மாட்டுங்கா வட்டாரத்துப் பழைய கட்டடங்களின் கனத்த சுவர்களும், வீட்டுக்கு வீடு இருக்கும் இரும்பு பீரோக்களும் அலைகளுக்குப் பெரிய தடை. மாமி வீட்டில் ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.4 அலைவரிசையிலேயே வேலை செய்வதால், அது ஓடும்போது இடைஞ்சல் வரலாம். சோதிக்கும்போது ரவுட்டரும் டேப்பும் ஒரே அறையில் இருக்கட்டும்.

இரண்டாம் ஸ்டேஷன்: கதவு திறக்கிறதா?

பெயர் தெரிந்தும் சேரவில்லை என்றால் பாஸ்வேர்டைச் சந்தேகிக்க வேண்டும். மாமி விஷயத்தில் முதல் கோளாறு இங்கேதான் இருந்தது. சில மாதங்களுக்கு முன் இணைப்புக்காரர் வந்து ரவுட்டரை மாற்றியிருக்கிறார். பழைய பெயரையே வைத்துவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் புதிதாக எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார். டேப்போ பழைய பாஸ்வேர்டையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. காலாவதியான சீசன் பாஸை வைத்துக்கொண்டு கேட்டில் வாதாடுவது போல!

வைஃபைப் பட்டியலில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்து 'ஃபர்கெட்' என்பதைத் தொட்டால் டேப் பழையதை மறந்துவிடும். பிறகு புதிய பாஸ்வேர்டை, பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்த்து, கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பார்க்கலாம். 2018-ல் வந்த டபிள்யூபிஏ-3 முறை மட்டும் வைத்திருந்தால் பழைய டேப்புகளுக்குப் புரியாது. டபிள்யூபிஏ-2 முறைக்கும் இடம் கொடுத்தால் சேர்ந்துவிடும்.

மூன்றாம் ஸ்டேஷன்: விலாசம் கிடைத்ததா?

கதவு திறந்தபின், ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் விலாசம் கொடுக்கிறது. டேப் 'விலாசம் பெறுகிறது' என்று சொல்லிக்கொண்டே நின்றாலோ, விவரத்தைத் திறந்தால் எண் 169.254 என்று தொடங்கினாலோ, ரவுட்டர் விலாசம் கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரின் மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். டேப்பையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும்.

நான்காம் ஸ்டேஷன்: வெளியே போகிறதா?

மாமியின் டேப் இப்போது சேர்ந்துவிட்டது. ஆனால் 'கனெக்டெட், நோ இன்டர்நெட்' என்றது. எல்லாக் கருவியிலும் இப்படி வந்தால் ரவுட்டருக்கு வெளியே கோளாறு. பில் கட்டவில்லையா, ஒயர் அறுந்ததா, ரவுட்டரில் சிவப்பு விளக்கா என்று பார்த்து, இணைப்புக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் மாமியின் போன் அதே வைஃபையில் ஓடிக்கொண்டிருந்ததே!

டேப்பின் மூலையைப் பார்த்தேன். தேதி, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் நாள் என்றிருந்தது. மாதக்கணக்கில் பீரோவில் கிடந்து பாட்டரி அடியோடு தீர்ந்ததில் கடிகாரம் பின்னே போய்விட்டது. தானாகத் தேதி திருத்திக்கொள்ளும் வசதியும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

தேதிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். டேப்பின் கடிகாரம் பின்னால் இருந்தால், அந்தச் சான்று இன்னும் அமலுக்கே வரவில்லை என்று டேப் நினைத்துக் கதவை மூடிவிடும். நாளைய தேதியிட்ட டிக்கெட்டை இன்று நீட்டினால் பரிசோதகர் ஏற்பாரா? ஹாட்ஸ்பாட்டிலும் பக்கம் திறக்காத மர்மம் இப்போது விளங்கியது. செட்டிங்ஸில் தேதியைத் திருத்தி, 'தானியங்கி' என்பதையும் போட்டேன். அடுத்த நிமிடம் மகன் அனுப்பிய பழைய செய்திகளெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

ஒன்றைத் திருத்தி, ஒரு முறை பாருங்கள்

மாமி வீட்டில் இருந்தது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. முதலாவது சரியானபோதும் டேப் வேலை செய்யாததால், 'அது காரணம் இல்லை' என்று நினைத்துத் திரும்பியிருந்தால் விடிய விடியச் சுற்றியிருப்போம். ஆகவே ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, திரையில் செய்தி மாறியதா என்று பார்க்க வேண்டும். 'சேரவில்லை' என்பது 'இன்டர்நெட் இல்லை' என்று மாறினால், வண்டி ஒரு ஸ்டேஷன் முன்னேறியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். "சான்றைப் புதுப்பிக்கிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். மிகப் பழைய டேப்பில், வைஃபை சரியானாலும் சான்றுக்கான ஆப் ஏறாமல் போகலாம். அப்போதும் கவலை வேண்டாம். தபால் துறையின் பேமென்ட்ஸ் பாங்க் மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து டிஜிட்டல் சான்று எடுத்துக் கொடுக்கும் வசதி 2020 முதல் உண்டு.

மாமியின் டேப்பில் ஆப் ஏறியது. முதலில் மாமாவின் படங்களை மகனுக்கு ஒரு பிரதி அனுப்பினோம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மாமி காமிராவைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். சற்று நேரத்தில் சான்று எண் மொபைலுக்கு வந்தது.

"இவ்வளவுதானா? நான் இருக்கேன்னு ஒத்துண்டுட்டாளா?" என்றார்.

"ஒத்துண்டாச்சு மாமி. அடுத்த நவம்பர் வரைக்கும் கவலை இல்லை. டேப்பை மட்டும் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன். ரவுட்டர் இப்போது பீரோவின் தலை மேல் இருக்கிறது.